கச்சாயமா, அதிரசமா?

தீபாவளி நோம்பிக்கு என்ன பலகாரம் சுடுவது என்று ஈரோடு, கோபி பக்கம் பேச்சு வந்தால் முறுக்கில் யாருக்கும் தகராறு இல்லை. இனிப்பில்தான் ரெண்டு கட்சி. இத்தனைக்கும் சாமான் ஒன்றே: பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், கடலை எண்ணெய். ஈர அரிசியை இடித்துப் பாகில் கிளறினால் அதிரசம். ஊறிய அரிசியை ஆட்டி, வெல்லம் சேர்த்து எண்ணெயில் ஊற்றினால் கச்சாயம். என் ஓட்டு கச்சாயத்துக்கு. ஆனால் அதிரசத்தை அசைக்க முடியாத இடமும் இருக்கிறது.

அதிரசத்தில் எல்லாமே பக்குவம்தான். அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த நிலையிலேயே இடித்துச் சலிக்க வேண்டும். கடையில் வாங்கிய காய்ந்த மாவு இதற்கு ஆகாது. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் கணக்கு. பாகைத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தால் கரையாமல் திரண்டு, விரலில் உருட்ட வரவேண்டும். முற்றிப்போனால் அதிரசத்தைக் கடிக்க முடியாது. இளசாக இறக்கினால் எண்ணெயில் போட்டதுமே பிரிந்துவிடும். கிளறிய மாவை ஒரு நாளாவது மூடி வைத்தால்தான் பாகு மாவுக்குள் ஊறி, வாழையிலையில் தட்டும்போது ஓரம் வெடிக்காமல் வரும். சுட்டதை இரண்டு கரண்டிக்கு நடுவே அமுக்கி எண்ணெயை வடிக்க வேண்டும்.

கச்சாயத்துக்குப் பாகு கிடையாது. அதனாலேயே இது லேசான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. 3 மணி நேரம் ஊறிய அரிசியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்ட வேண்டும். அரிசி மசிந்த பிறகு பொடித்த வெல்லத்தைப் போட்டால் மாவு தானாக இளகும். அது தெரியாமல் முதலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டால் கச்சாயம் பரந்து எண்ணெய் குடிக்கும். கடைசியில் இட்லி மாவுப் பதம் இருந்தால் சரி. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஒரு குழிக்கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்றினால் அடிக்குப் போய் மெல்ல எழும்பி வரும். மேலே எண்ணெயைத் தள்ளித் தள்ளிவிட்டால் நடுவில் உப்பும். ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும், வெல்லத்தோடு அரிசி மணமும் தெரிகிற அந்தச் சூடான கச்சாயத்துக்கு எந்த அதிரசமும் ஈடாகாது.

வெல்லம் விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. சித்தோட்டில் வெல்லச் சந்தை இருக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பழனி கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கே வாங்குகிறார்கள். கச்சாயத்துக்கு நாட்டுச் சர்க்கரை போதும், மாவில் சட்டென்று கரையும். அதிரசத்துக்குக் கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் வேண்டாம். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போடுவது உண்டு. கொஞ்சம் கறுத்த வெல்லமே நல்லது.

அதிரசம் ஜெயிக்கிற இடம், தாங்கும் நாள். நன்றாகச் சுட்டது இரண்டு வாரம் கெடாது. சீர்த்தட்டில் வைக்கவும், வெளியூரில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்பவும் அதுதான் தோது. கச்சாயம் இரண்டு மூன்று நாளில் தீர்ந்தாக வேண்டும். வாழைப்பழமோ தேங்காயோ சேர்த்திருந்தால் மறுநாளே. அதனால்தான் அதிரசம் ஊர் ஊராகக் கடைக்குப் போனது, கச்சாயம் வீட்டு அடுப்போடு நின்றது. கடையில் கிடைக்கிறதை வாங்கிக்கொள்ளலாமே, நோம்பி அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டுவது கச்சாயத்துக்காக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

புதிதாகச் சுடுகிறவர்கள் அரை கிலோ அரிசியில் ஆரம்பியுங்கள். முதலில் ஒன்று மட்டும் ஊற்றிப் பாருங்கள். பரந்து போனால் ஒரு பிடி அரிசி மாவைக் கலந்து கால் மணி நேரம் விட்டு, அப்புறம் அடுத்ததை ஊற்றுங்கள்.