அன்ரிசர்வ்ட் டிக்கெட்டில் 7 வருடம்: லண்டன் தெருவில் ரெசிடென்ட் பார்க்கிங் பெர்மிட்

கிழக்கு லண்டனில் எங்கள் வீடு நூறு வருடத்துக்கும் மேல் பழைய வரிசை வீடுகளில் ஒன்று. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. கட்டிய காலத்தில் தெருவில் போனது குதிரை வண்டி. அதனால் ஷெட்டும் கிடையாது, கார் நுழைய கேட்டும் கிடையாது. வீட்டின் முகப்பு ஏறக்குறைய 5 மீட்டர். ஒரு கார் ஓரமாக நிற்கவும் அதே அளவு இடம் வேண்டும். வீட்டுக்கு ஒரு கார் என்றால் கணக்கு இடிக்காது. ஆனால் பாதி வீடுகளை மாடி ஒரு ஃபிளாட், கீழ்தளம் ஒரு ஃபிளாட் என்று பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் இரண்டு குடும்பம், மூன்று கார், சில சமயம் கூடவே ஒரு டெலிவரி வேன்.

2016-இல் இங்கே குடி வந்தபோது, தெருவில் குடியிருப்பவர்கள் காரை நிறுத்தக் கட்டணம் கட்டி வாங்கும் பெர்மிட் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், காசு கிடையாது. ரயில் நிலையம் நடந்தால் 6 நிமிடம் என்று வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் பெருமையாகச் சொன்னார். அதே 6 நிமிடம்தான் பிரச்சினை என்பது வந்த முதல் திங்கட்கிழமை புரிந்தது. லண்டனுக்கு வெளியே எசெக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை 7 மணிக்கே எங்கள் தெருவில் காரைப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலை எட்டரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்து, இடம் தேடி அரை மணி நேரம் சுற்றி, மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவாள்.

2017-இல் கவுன்சிலில் (இங்கே உள்ளாட்சி நிர்வாகம்) இருந்து தெருவில் கார் நிறுத்தக் கட்டுப்பாடு பற்றிக் கருத்துக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நாள் முழுக்கக் கட்டுப்பாடு வேண்டுமா, ஒரு மணி நேரம் மட்டும் போதுமா, எதுவுமே வேண்டாமா? ஒரு மணி நேரம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. காலை 10 முதல் 11 வரை பெர்மிட் இல்லாமல் நிற்கக் கூடாது என்று வைத்தால் போதும், நாள் பூராவும் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர் அங்கே நிறுத்த முடியாது. பிளம்பரும் விருந்தாளியும் 11-க்கு மேல் செலவில்லாமல் வந்து போகலாம். லண்டனின் வெளிப்பகுதிகளில் ரயில் நிலையத்தை ஒட்டிய பல தெருக்களில் இந்த ஏற்பாடுதான். எங்கள் தெருக்காரர்கள் ஆத்திரத்தில் நாள் முழுக்க வேண்டும் என்று டிக் அடித்தார்கள். நானும் அடித்தேன். இப்போது கேட்டால் ஒரு மணி நேரம்தான் என்பேன்.

2018-இல் பெர்மிட் கார்கள் நிற்க வெள்ளைக் கட்டங்கள் போட்டார்கள். திங்கள் முதல் சனி வரை, காலை 8.30 முதல் மாலை 6.30 வரை. முதல் வாரம் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரு பாதி காலி. மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து தூங்கினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வருடக் கட்டணம் எனக்குத் தகும் என்று பட்டது. வாரக் கணக்கில் பார்த்தால் ஒரு டீ, ஒரு பன் செலவு.

அம்மாவுக்குத்தான் இது பிடிபடவில்லை. போனில் சொன்னதும், "நம்ம வீட்டு வாசல்ல நிறுத்தறதுக்குக் காசா?" என்றாள். அம்மா மேல் தப்பில்லை. ஊரில் வாசலுக்கு எதிரே இரண்டு பூந்தொட்டியும் ஒரு கல்லும் வைத்தால் அது நம் இடம். இங்கே வாசல் நம்முடையது, தெரு நம்முடையது இல்லை. பெர்மிட் என்பது ரயிலில் அன்ரிசர்வ்ட் டிக்கெட் மாதிரி. ஏறலாம், உட்கார இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே பெர்மிட் செல்லும் தெருக்களைச் சேர்த்து ஸோன் என்பார்கள். நம் ஸோனில் எந்தத் தெருவிலும் நிறுத்தலாம், அதே போல அந்த ஸோனில் பெர்மிட் வைத்திருக்கும் யாரும் நம் வாசலில் நிறுத்தலாம். ஒருவர் குப்பைத் தொட்டியை நடுரோட்டில் வைத்து இடம் பிடிக்கப் பார்த்தார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "றோட்டு என்ன அவற்ற அப்பன்ர காணியே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

இடம் இல்லாமல் தவிப்பது இப்போது பகலில் இல்லை, இரவு 7 மணிக்கு மேல்தான். கட்டுப்பாடு முடிவது 6.30. வெளியாட்கள் போய்விட்டார்கள், எங்கள் கார்கள் திரும்பி வருகின்றன. வெளியாட்களைத் துரத்த பெர்மிட் நன்றாக வேலை செய்கிறது. தெருக்காரர்களின் கார்களே தெருவின் நீளத்தைத் தாண்டினால் அதற்கு மருந்து அதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது காருக்குக் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். ஏறினாலும் வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். போதாக்குறைக்கு, எதிர் வரிசையில் ஒருவர் முன்தோட்டத்தை இடித்து காங்கிரீட் போட்டு, நடைபாதை விளிம்பைத் தாழ்த்தி, காரை உள்ளே ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஓர் இடம் கிடைத்தது, தெருவுக்கு ஒன்று போனது. அவர் வாசலைத் தெருக்காரர்கள் மறிக்கவும் கூடாது.

மஞ்சள் கோடு பற்றி ஒரு வார்த்தை. ஸோனுக்குள் ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நேரம் எழுதிய பலகை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸோனுக்குள் நுழையும் இடத்தில் உயரமாக ஒரு பலகை இருக்கும், பக்கத்தில் வேறு நேரம் எழுதாவிட்டால் அந்த நேரம்தான் உள்ளே ஒற்றைக் கோட்டுக்கு. என் மச்சான் "இங்கே போர்டே இல்லையே" என்று தைரியமாக நிறுத்திவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிங் வார்டன் அபராத டிக்கெட் போட்டுவிட்டுப் போய்விட்டார். 10 நிமிடச் சலுகை உண்டே என்று மச்சான் வாதாடினார். அந்தச் சலுகை, அனுமதித்த இடத்தில் அனுமதித்த நேரம் முடிந்த பிறகுதான். மஞ்சள் கோட்டுக்கும் பெர்மிட் இல்லாத காருக்கும் அது கிடையாது.

நம் ஆட்களுக்கு உண்மையான செலவு விருந்தாளிதான். வெள்ளைக்கார அண்டை வீட்டுக்கு மாதம் ஒருவர் வந்தால் அதிகம். எங்களுக்குப் பிள்ளை பிறந்த நாள் என்றால் எட்டு கார் வரும், அதுவும் சனிக்கிழமை. விருந்தாளியின் காருக்குக் காசு கொடுத்து வவுச்சர் வாங்க வேண்டும். முதலில் அதைச் சுரண்டும் அட்டையாகக் கொடுத்தார்கள். தேதியையும் மாதத்தையும் நாணயத்தால் சுரண்டி கார் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். சித்தப்பா மூக்குக்கண்ணாடி போடாமல் அடுத்த மாதத்தைச் சுரண்டிவிட்டார். அட்டை போச்சு. அப்புறம் எல்லாம் செல்போன் ஆப் வழியாக என்று மாறியது. காரின் நம்பரைத் தட்டினால் போதும், வார்டன் கையில் உள்ள கருவியில் தெரியும். வசதிதான், ஆனால் இங்கே நம்பர் பிளேட்டில் ஓ என்ற எழுத்தும் பூஜ்ஜியமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நண்பரின் காரில் இரண்டும் இருந்தன. நான் இரண்டையும் எழுத்தாகவே தட்டிவிட்டேன். காசும் போனது, டிக்கெட்டும் வந்தது. ஆப் ரசீதை இணைத்து எழுதியதும் ரத்து செய்தார்கள்.

அதைவிடப் பெரிய அனுபவம் 2019-இல். 4 வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கார் கண்ணாடியில் மஞ்சள் உறை. நாங்கள் விமானம் ஏறிய 5 நாள் கழித்து, கேபிள் வேலைக்காக அந்தக் கட்டத்தில் தற்காலிகத் தடை என்று கம்பத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். தடை தொடங்கிய அன்றே டிக்கெட். பெர்மிட் இருந்தாலும் தடை செய்த கட்டத்தில் நிற்கக் கூடாது, அது சரி. ஆனால் சென்னையில் இருக்கிறவன் கம்பத்தில் மாட்டிய பலகையை எப்படிப் படிப்பான்? 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, அந்தக் கெடுவும் முடிந்திருந்தது. போர்டிங் பாஸை இணைத்து எழுதினேன், மறுத்தார்கள். காரின் உரிமையாளர் பெயருக்கு அடுத்த நோட்டீஸ் வந்தது. அதற்கும் 28 நாளுக்குள் முறைப்படி எழுதினேன், மறுபடி மறுப்பு. பக்கத்து வீட்டு அண்ணன்தான் விடாதே என்றார். அடுத்த படி லண்டன் டிரிபியூனல்ஸ். கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத நடுவர் விசாரிப்பார், முறையிட நமக்குக் கட்டணம் இல்லை. விசாரணை நாளுக்கு முன்பே கவுன்சில் வழக்கை நடத்தப் போவதில்லை என்று எழுதிவிட்டது. நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் ஆபத்து, தொகை பாதி மடங்கு கூடி, கோர்ட் வரை போய், வசூல்காரர் கதவைத் தட்டுவார். இப்போது ஊருக்குப் போகும்போது கார் சாவியை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் போகும்போது சாவி எங்களிடம்.

தொகையும் சின்னதில்லை. லண்டனில் அபராதம் அதிகமான பேண்ட் ஏ பகுதிகளில் பெர்மிட் இல்லாமல் நின்றால் அபராதம் 130 பவுண்டாக இருந்தது, 2025 ஏப்ரலில் 160 ஆனது.

கட்டணமும் பழையபடி இல்லை. புகை அளவை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள், டீசலுக்குத் தனியாகக் கூடுதல். என்னிடம் இருந்தது 2012 மாடல் டீசல் கார். 2021 அக்டோபர் 25-இல் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான கட்டண மண்டலம்) எங்கள் பகுதிக்கும் வந்தது, பழைய டீசலை எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. அதற்கு முந்தின மாதமே விற்றுவிட்டு ஹைபிரிட் வாங்கினேன். பெர்மிட் காரின் நம்பரோடு ஒட்டியது, ஆளோடு இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கார் மாற்றிய அன்றே நம்பரையும் மாற்றுங்கள். ரிப்பேருக்கு விட்டு இன்சூரன்ஸ்காரர்கள் தரும் இரவல் காருக்கும் தற்காலிக பெர்மிட் எடுக்காவிட்டால் டிக்கெட்தான்.

கவுன்சில் பெர்மிட் வைத்துக் கொழிக்கிறது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. வடக்கு லண்டனில் உள்ள பார்னெட் கவுன்சிலில் முதல் காருக்கான பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100-க்கும், விருந்தாளி வவுச்சரை 1 பவுண்டிலிருந்து 4-க்கும் ஒரேயடியாக உயர்த்தினார்கள். குடியிருப்பவர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-இல் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டத்துக்குப் புறம்பு என்றது. வேறு போக்குவரத்துச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காகப் பெர்மிட் கட்டணத்தை ஏற்ற 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை என்பது தீர்ப்பு. எங்கள் கட்டணம் ஏறும்போதெல்லாம் யாராவது இதை எடுத்துப் பேசுவார்கள். பேசிவிட்டுக் கட்டிவிடுவோம்.

புதிதாக வீடு பார்க்கிறவர்களுக்கு: புது அடுக்குமாடி என்றால் கையெழுத்துப் போடும் முன் பெர்மிட் கிடைக்குமா என்று கவுன்சிலில் கேளுங்கள், ஏஜெண்டிடம் அல்ல. கார் இல்லாத குடியிருப்பு என்ற நிபந்தனையோடு கட்ட அனுமதி வாங்கிய கட்டிடங்கள் நிறைய. அந்த முகவரிக்குப் பெர்மிட்டே தர மாட்டார்கள். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்த நண்பர் இது தெரியாமல் காரோடு வந்து, ஆறு மாதம் அல்லாடி, கடைசியில் காரை விற்றார்.

போன வாரம் மறுபடி ஒரு கடிதம். கட்டுப்பாட்டை இரவு 9 மணி வரை நீட்டலாமா, ஞாயிறும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். 9 மணி வரை நீட்டினால் அடுத்த ஸோனிலிருந்து இங்கே வந்து ஒதுங்கும் வேன்கள் போகும், ஒரு நாலைந்து இடம் மிஞ்சும். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கும் வவுச்சர் போட வேண்டும். மனைவி 9 மணிக்கு சரி என்கிறாள், ஞாயிறு கூடவே கூடாது என்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டுமே வேண்டாம் என்று அன்றே தபாலில் போட்டுவிட்டார். எங்கள் படிவம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, கடைசித் தேதிக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.