பாத்திரம் காயவில்லை என்பதற்காக டிஷ்வாஷரின் ஹீட்டரை மாற்றச் சம்மதிக்கும் முன்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அண்மையில் நடந்ததை, அதே ஆட்களிடம் இன்னொரு குடும்பம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டிஷ்வாஷர் கழுவி முடித்த பிறகும் பாத்திரங்கள் ஈரமாகவே இருந்தன. அந்தச் சிறு குறைக்கு, நல்ல நிலையில் இருந்த ஹீட்டரை மாற்றிவிட்டதாகச் சொல்லி எங்களிடம் 9,150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது வீட்டில் இருந்தவர் 71 வயதான என் அம்மா மட்டுமே.

இந்த இயந்திரத்தை நாங்கள் 2020-இல் வாங்கினோம். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு என்பதால், அவர் ஈரப் பாத்திரங்களோடு மல்லுக்கட்டக் கூடாது என்றுதான் வாங்கினோம். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி உழைத்த இயந்திரம், பொங்கலுக்குப் பிறகு பாத்திரங்களைச் சுத்தமாகக் கழுவினாலும் காயவைக்காமல் விடத் தொடங்கியது. எவர்சில்வர் தட்டுகளில் துளிகள் நின்றன. கவிழ்த்து வைத்த டம்ளர்களின் அடிக்குழிவில் தண்ணீர் தேங்கியது. பிளாஸ்டிக் டப்பாக்களைச் சொல்லவே வேண்டாம். அம்மா மறுபடியும் ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்து அடுக்குவதைப் பார்த்த பிறகுதான் ஆளைக் கூப்பிட முடிவு செய்தேன்.

அங்கே நான் செய்த தவறு, இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுக்காமல், நிறுவனத்தின் பெயரைப் போட்டுக் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தது. எடுத்தவர் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார். இயந்திரத்தின் வரிசை எண்ணையோ வாங்கிய தேதியையோ அவர் கேட்கவில்லை. முகவரியை மட்டும் கேட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் ஓர் இளைஞர் வந்துவிட்டார். அடையாள அட்டை அணிந்திருக்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

வந்தவர் இயந்திரத்தின் கதவைத் திறந்து, உள்சுவரில் முத்து முத்தாக நின்ற தண்ணீரைக் காட்டி, ஹீட்டர் வேலை செய்தால் சுவர் இப்படி நனைந்திருக்காது என்று சொல்லியிருக்கிறார். அம்மா விடாமல், "பாத்திரத்த எடுக்கும்போது கை சுடுதே தம்பி, ஹீட்டர் போனா எப்படிச் சுடும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியில்தான் முழு விஷயமும் இருந்தது. அவர் அதற்குப் பதில் சொல்லாமல் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஹீட்டர் போயிருச்சு மேடம், இப்படியே ஓட்டினா போர்டும் போயிரும், அப்புறம் இருபதாயிரம் ஆகும்" என்றார். கூட்டத்தின் நடுவே எழுந்து வந்து பேசிய நான், இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து சம்மதித்துவிட்டேன்.

மின்சாரம் பாயும் வேலை என்று சொல்லி அம்மாவைச் சமையலறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, அவர் இருபது நிமிடம் உள்ளே தனியாக இருந்திருக்கிறார். பழைய ஹீட்டரை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எதையோ பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஹீட்டருக்கு 7,200, வேலைக்கூலி 1,500, வந்து பார்த்ததற்கு 450 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிய கணக்குதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆவணம். பணம் யுபிஐ வழியாக ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனது. கிளம்பும் முன் அவர் இயந்திரத்தை ஒரு முறை முழுதாக ஓட்டி, முடிந்ததும் கதவைத் திறந்துவைத்து ஆறவிட்டு, பிறகு காய்ந்த தட்டுகளை அம்மாவிடம் எடுத்துக் காட்டினார். அன்று தட்டுகள் உண்மையாகவே காய்ந்திருந்தன. மறுநாள் நாங்கள் வழக்கம்போல ஓட்டியபோது மீண்டும் அதே ஈரம். அந்த எண்ணை அழைத்தால் முதலில் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். பிறகு எடுக்கவே இல்லை.

அதன் பிறகு கையேட்டில் இருந்த எண்ணில் நிறுவனத்தின் சேவைப் பிரிவையே அழைத்தேன். 650 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 767 ரூபாய்க்கு முறையான ரசீது தந்தார்கள். வந்த டெக்னீஷியன் அடிப்பலகையைக் கழற்றி என்னையே பார்க்கச் சொன்னார். ஹீட்டர் மீது ஒட்டியிருந்த தயாரிப்பு ஆண்டு 2020. அதன் திருகுகளின் மேல் ஐந்து ஆண்டுத் தூசி கலையாமல் படிந்திருந்தது. இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் எட்டு ஆம்பியருக்கு மேல் காட்டியது. அதாவது ஹீட்டர் முழு வலிமையோடு வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் மாற்றவே இல்லை.

உண்மையான காரணங்கள் இரண்டு. டிசம்பரில் நாங்கள் கழுவும் பவுடரை விட்டுவிட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்த டிஷ்வாஷர் மாத்திரைக்கு மாறியிருந்தோம். மாத்திரையிலேயே எல்லாம் இருக்கிறது என்று நினைத்து, கடைசி அலசலில் கலக்கும் ரின்ஸ் எய்ட் என்ற திரவத்தை ஊற்றுவதை நிறுத்தியிருந்தோம். அதே சமயத்தில், நேரம் மிச்சமாகட்டும் என்று எக்ஸ்பிரஸ் என்ற குறுகிய புரோகிராமுக்கும் மாறியிருந்தோம். எங்கள் இயந்திரத்தில் அந்தப் புரோகிராம் தண்ணீரை 45 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை; அதில் காயவைக்கும் கட்டமும் இல்லை. முதலில் வந்தவர் காட்டிய காய்ந்த தட்டுகள் 70 டிகிரி தீவிரப் புரோகிராமில் கழுவப்பட்டவை. என்ன குறை என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இயந்திரங்கள் எப்படிக் காயவைக்கின்றன என்பது முன்பே தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான டிஷ்வாஷர்களில் பாத்திரங்களின் மேல் அனல்காற்று எதுவும் வீசுவதில்லை. கடைசி அலசலில் தண்ணீர் ஏறத்தாழ 65 அல்லது 70 டிகிரி வரை சூடாகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட பாத்திரத்திலிருந்து ஈரம் ஆவியாகி, அதைவிடக் குளிர்ந்த எவர்சில்வர் உள்சுவரில் படிந்து, தண்ணீராக வடிந்து வெளியேறுகிறது. ஆகவே சுவர் நனைந்திருப்பது காயவைக்கும் வேலை நடந்ததற்கான அடையாளம். அதைத்தான் அந்த ஆள் பழுது என்று காட்டினார். ரின்ஸ் எய்டின் வேலை, தண்ணீர் துளித்துளியாக ஒட்டி நிற்காமல் மெல்லிய படலமாக வழிந்துவிடும்படி செய்வது. அது இல்லாவிட்டால், பாத்திரம் எவ்வளவு சூடாக இருந்தாலும் பெரிய துளிகள் ஆவியாகி முடிவதற்குள் சூடு ஆறிவிடும். கனமான பீங்கான் தட்டு சூட்டை நீண்ட நேரம் வைத்திருக்கும். நம் மெல்லிய எவர்சில்வர் தட்டும் டம்ளரும் விரைவில் ஆறிவிடுவதால் நம் சமையலறைகளில் ரின்ஸ் எய்டின் தேவை இன்னும் அதிகம். பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கி வைத்திருப்பதே இல்லை என்பதால், அதன் ஈரத்தை யாரும் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை.

எனவே யாரையும் அழைக்கும் முன், 65 அல்லது 70 டிகிரி புரோகிராம் ஒன்றை ஓட்டி, அது முடிந்த உடனே கதவைத் திறந்து ஒரு தட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆவி எழுந்து தட்டும் சுட்டால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஹீட்டர் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. அப்போது பாத்திரங்கள் குளிர்ந்தே வெளிவரும், மாத்திரை பாதி கரையாமல் கிடக்கும், எண்ணெய்ப் பிசுக்கு போகாது, பல இயந்திரங்கள் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றும் விடும். தட்டு சுடுகிறது, ஆனால் ஈரமாக இருக்கிறது என்றால், கதவின் உட்புறத்தில் உள்ள ரின்ஸ் எய்ட் அறையை நிரப்பி, அதன் அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பாருங்கள். எங்கள் இயந்திரத்தில் ஐந்தாம் படியில் சரியாயிற்று. டம்ளர்களைச் சற்றுச் சாய்த்து அடுக்குவதும், மேல்தட்டின் நீர் கீழே சொட்டாதபடி கீழ்த்தட்டை முதலில் காலி செய்வதும் எங்களுக்கு உதவின.

ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டிய நிலையில், எண்ணைக் கையேட்டிலிருந்தோ உத்தரவாத அட்டையிலிருந்தோ மட்டும் எடுங்கள். வேலை நடக்கும்போது பெரியவர்களைச் சமையலறைக்கு வெளியே நிறுத்தச் சம்மதிக்காதீர்கள். கழற்றிய பாகம் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் பாகம். அதை உங்களிடம் காட்டாமல் எடுத்துப் போக விடாதீர்கள். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இதை நான் அன்று தொலைபேசியில் சொல்லியிருந்தாலே அவர் தயங்கியிருப்பார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்திப் பணம் பறித்ததால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பணப் பரிமாற்ற விவரங்களைக் கொடுத்திருக்கிறேன். நான் அழைத்த எண் இப்போது தேடலில் இல்லை. அதே விளம்பர வாசகங்களோடு வேறொரு எண் முதலிடத்தில் நிற்கிறது. பணம் இதுவரை திரும்பவில்லை. புகார்களின் முடிவு தெரிந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.