அலுமினிய பெடல் கவர்: பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

என் கார் 9 வருடம் ஓடிய ஹேட்ச்பேக், மேனுவல் கியர். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கோடுகள் இடது ஓரத்தில் மட்டும்தான் மிச்சம். ஒரு மழை நாளில் நனைந்த செருப்போடு கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு சிக்னலில் நின்றிருந்தேன். கால் சறுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. முன்னால் வண்டி எதுவும் இல்லை, அதனால் தப்பித்தேன். அன்று இரவே பெடல் கவர் தேட ஆரம்பித்துவிட்டேன்.

புது ரப்பர் வாங்கிப் போட்டிருந்தாலே என் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காலடியில் விரித்த கருப்பு மேட்டுக்கு மேலே பளிச்சென்று மூன்று அலுமினியப் பெடல், அதில் வரிசையாகக் கருப்பு ரப்பர் பொட்டுகள்: பல வருட ஆசை அது. தினமும் ஏறி உட்காரும் இடம் அழகாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் வாங்கியது 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் போட்டிருந்த செட். உள்ளே மூன்று தகடுகள், ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. கனம். பின்னால் கொடுக்க வளைந்த இரும்புப் பட்டைகள், ஒரு கை நிறைய ஸ்க்ரூ, நட்டு, ஒரு எல் கீ. எப்படி மாட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை, ஒரே ஒரு படம்தான். பெடலுக்கு முன்னால் தகடு, பின்னால் பட்டை. இரண்டையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் நடுவில் பெடல் கவ்விப் பிடிக்கப்படும். யோசனை சரிதான்.

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, மேட்டை எடுத்துவிட்டு, தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பிரேக்கிலும் கிளட்சிலும் பழைய ரப்பரைக் கழற்றினேன். ரப்பரை விட்டுவிட்டு அதன் மேலேயே தகட்டை இறுக்கினால், மிதிக்க மிதிக்க ரப்பர் அமுங்கி, பிடி தளர்ந்துவிடும். அதனால் இந்த வகையில் வெறும் இரும்பின் மேல்தான் தகடு உட்கார வேண்டும். ஆக்சிலரேட்டர் அப்படியில்லை. என் காரில் அது முழுக்கப் பிளாஸ்டிக், பின்னால் குறுக்கும் நெடுக்குமாக விலா மாதிரி கட்டைகள். பட்டையை வைக்க இடமே இல்லை. படத்தில் துளை போடச் சொல்லியிருந்தார்கள். நான் போடவில்லை. இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலோடு சேர்ந்தே சென்சார் இருக்கிறது, அதுதான் எவ்வளவு மிதித்தோம் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. துளை போட்டு அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டால் மொத்தப் பெடலையும் மாற்ற வேண்டியதுதான்.

சரி, பிரேக்கும் கிளட்சும் மட்டும் போதும் என்று மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஓட்டத் தொடங்கியதும் கால் உடனே கண்டுபிடித்துவிட்டது. பிரேக் தகடு பழைய பெடலைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவில் முன்பு 6 செ.மீ. இருந்த இடைவெளி 4.5 ஆகியிருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது ஷூவின் ஓரம் தகட்டின் கீழ் விளிம்பில் தட்டியது. ஒரு தடவை மாட்டிக்கொள்ளவே செய்தது. மெதுவாகப் போகும்போது என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அவசரத்தில் காலைத் தூக்கும் அந்த நொடியில் அப்படி மாட்டினால்?

அடுத்தது ஸ்க்ரூக்களின் நீளம். நட்டைத் தாண்டிப் பின்னால் கிட்டத்தட்ட 1 செ.மீ. துருத்திக்கொண்டிருந்தது. மேட்டைத் திரும்பப் போட்டுக் கிளட்சை அடிவரை அழுத்தினால், ஸ்க்ரூ முனை மேட்டில் குத்திப் பெடல் அங்கேயே நின்றுவிடும். கிளட்ச் முழுக்க விடுபடாததால் கியர் போடும்போது கரகரவென்று சத்தம். முதலில் கியர் பாக்ஸில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன்.

5 நாள் கழித்துப் பிரேக் தகடு காலுக்குக் கீழே லேசாகத் திரும்பியது. இறங்கிப் பார்த்தால் சாய்ந்திருந்தது. செட்டில் வந்த நட்டுகள் சாதாரண நட்டுகள், அதிர்வில் தளர்ந்திருக்கின்றன. நைலான் வளையம் உள்ள லாக் நட்டு வாங்கி மாற்றினேன், மரையில் நீல நிறப் பசையும் விட்டேன். நட்டு தளர்வது நின்றது. ஆனாலும் தகடு நகர்ந்தது. காரணம், அந்தப் பட்டை பெடலின் விளிம்பை மட்டும்தான் பிடிக்கிறது. நாம் பிரேக்கை நேராக மட்டும் மிதிப்பதில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாதத்தைத் திருப்பி வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தகட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தள்ளு கிடைக்கிறது. கழன்று விழும் தகடு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வண்டியை ஓரங்கட்டி, அங்கேயே கழற்றிவிட்டேன்.

இரண்டாவது செட் என் கார் மாடலுக்கென்றே செய்தது. விலை முதல் செட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதில் ஸ்க்ரூவே இல்லை. அலுமினிய முகத்துக்குப் பின்னால் கனமான ரப்பர், அதன் நான்கு பக்கமும் உள்ளே மடிந்த உதடு. கம்பெனியிலிருந்து வரும் ரப்பர் எப்படிப் பெடலைச் சுற்றிக் கவ்வுகிறதோ, அப்படியே இதுவும் கவ்வுகிறது. அகலம் பழைய ரப்பரின் அளவேதான். ஆக்சிலரேட்டருக்கு மட்டும் மேலிருந்து நுழைத்துக் கீழே கொக்கி போடும் அமைப்பு, துளை வேண்டாம்.

மாட்ட 40 நிமிடம் ஆனது. அதில் 25 நிமிடம் கிளட்சுக்கே போனது. கவரைச் சூடான தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்தால் ரப்பர் இளகிக் கொடுக்கிறது. உதட்டின் உள்பக்கம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டேன். கீழ் விளிம்பை முதலில் மாட்டிவிட்டு, மேல் விளிம்பைத் தட்டையான பிளாஸ்டிக் பட்டையால் நெம்பிக் கொண்டுவர வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் உதடு கிழியும். எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். எண்ணெய் உள்ளேயே இருந்து கவரை வழுக்கிக் கழல வைத்துவிடும்.

இன்னொரு விஷயம். கவரை இழுக்கும்போது பிரேக் பெடலையும் சேர்த்து மேல்நோக்கி வேகமாக இழுத்துவிடக் கூடாது. பெடல் தண்டுக்கு மேலே பிரேக் விளக்கின் சுவிட்ச் இருக்கிறது. அது இடம் மாறினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அல்லது எரியாமலே போகும். மாட்டி முடித்ததும் அண்ணன் மகளை வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி மிதித்துக் காட்டினேன். "மூணும் எரியுது அத்தை, இப்ப அணைஞ்சிடுச்சு" என்றாள். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை 30 தடவை பலமாக மிதித்தேன். இரண்டு கையாலும் கவரைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திச் சட்டென்று விட்டேன். எங்கும் உரசாமல் முழுக்கத் திரும்பி வந்தது. மேட்டைப் போட்டு அதன் கொக்கியை மாட்டியபிறகு இதையெல்லாம் இன்னொரு முறை செய்தேன். மேட்டும் பெடலும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்கவில்லை.

இப்போது 8 மாதம் ஆகிறது. ஷூ போட்டு ஓட்டினால் பிடிப்பு அருமை. மழையிலும் என் பழைய தேய்ந்த ரப்பரைவிட எவ்வளவோ மேல். ஆனால் பிடிப்பைக் கொடுப்பது அலுமினியம் இல்லை, அதில் பதித்த ரப்பர் பொட்டுகள்தான். ஈரமான வெற்று அலுமினியம் நன்றாகவே வழுக்கும். அதனால் பொட்டுகள் நெருக்கமாகவும், தகட்டைவிட 1 மி.மீ. ஆவது உயர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டுகளுக்கு நடுவில் சேறு அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடுகிறது. மாதம் ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். கிளட்சில் இரண்டு பொட்டுகள் இதற்குள் தேய்ந்து தகட்டோடு சமமாகிவிட்டன. அது எனக்கு ஏமாற்றம்தான். இந்த விலைக்கு இரண்டு வருடமாவது தாங்கியிருக்க வேண்டும்.

வெறுங்காலோடு ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியில் தகடு சுடும், பொட்டுகள் பாதத்தில் அழுத்தும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூவும் சரிப்படாது. வண்டியைக் கழுவக் கொடுக்கும்போது, டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்ப்ரேயைப் பெடல் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அடித்துவிட்டார்கள். சோப்புப் போட்டு மூன்று தடவை துடைத்த பிறகுதான் கால் நின்றது.

இடது காலை வைத்துக்கொள்ளும் டெட் பெடலுக்கும் தனியாக ஒரு தகடு விற்கிறார்கள். தரைவிரிப்பைத் துளைத்து ஸ்க்ரூ போட வேண்டும் என்பதால் வாங்கவில்லை. அதற்கு அடியில் வயர்கள் போகலாம்.

முதல் செட் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. சும்மாதானே இருக்கிறது, எனக்குக் கொடு என்று தம்பி கேட்டான். கொடுக்கவில்லை. அவன் காரின் மாடலையும் வருடத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.