கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு இண்டக்‌ஷன் வைத்தோம்: பத்து மாதக் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுப்பு நல்ல அடுப்புதான். பிராண்டு பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன். 30 அங்குல அகலம், மேலே நாலு இண்டக்‌ஷன், கீழே சாதாரண மின்சார அவன், தள்ளுபடி போக 1,150 டாலர். 2024 அக்டோபரில் வந்து இறங்கியது. நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் கவுண்டியில். ஊர்ப்பெயரை ஏன் சொல்கிறேன் என்றால், பூமிக்கடியில் இருக்கும் மார்செல்லஸ் பாறையில் முதன்முதலாக ஃப்ராக்கிங் செய்து, அதாவது தண்ணீரையும் ரசாயனத்தையும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைத்து, கேஸ் எடுத்துக் காட்டிய கிணறு இந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. மவுண்ட் பிளசன்ட் டவுன்ஷிப், 2004. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கேஸ் அடுப்பு வேண்டாம் என்பது திருப்பதியில் போய் லட்டு வேண்டாம் என்கிற மாதிரி.

மாற்றியதற்குக் காரணம் கொள்கையெல்லாம் இல்லை. சின்னவளுக்கு இழுப்பு. குழந்தை மருத்துவர் வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டார், கேஸ் என்றேன், அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் வெளியே காற்றைத் தள்ளுகிறதா என்றார், அங்கேதான் முழித்தேன். எங்கள் வீட்டு ஃபேன் புகையை உறிஞ்சி, ஒரு வலை வழியாக விட்டு, திரும்ப நம் மூஞ்சியிலேயே ஊதும். கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், மூச்சுக்குழாய்க்கு அது ஆகாது. எரியும்போது மட்டும்தானே, ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் 53 வீடுகளில் அளந்ததில், கேஸ் அடுப்புகளிலிருந்து வெளியேறும் மீத்தேனில் முக்கால் பங்குக்கு மேல் அடுப்பு அணைந்திருக்கும் நேரத்திலேயே கசிகிறதாம். மீத்தேன் இழுப்புக்குக் காரணம் இல்லை, அது தனிக் கணக்கு. ஆனால் அணைத்து வைத்த அடுப்பும் சும்மா இருப்பதில்லை என்பது எனக்கு உறுத்தியது.

கடையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இண்டக்‌ஷன் என்றதும் விற்பனைக்காரர், "கேஸைத் தடை பண்ணப் போறாங்கன்னு பயமா?" என்று கேட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. 2023 ஜனவரியில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர் ரிச்சர்ட் டிரம்கா ஒரு பேட்டியில், எந்த வழியையும் ஒதுக்கிவிடவில்லை, பாதுகாப்பாகச் செய்ய முடியாத பொருளைத் தடை செய்யலாம் என்கிற பொருளில் பேசப்போக, ஒரு வாரத்துக்கு நாடே அடுப்படியில் நின்று சண்டை போட்டது. தடை செய்யும் எண்ணம் இல்லை என்று ஆணையத் தலைவரே அறிக்கை விட்டார், யார் காதிலும் ஏறவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒரு வேலை ஜோராக நடந்தால் "இப்போதான் கேஸில் சமைக்கிறாய்" என்று சொல்வார்கள். அந்த வசனமே 1930-களில் கேஸ் நிறுவனங்களின் சங்கத்து ஆள் ஒருவர் வானொலி நகைச்சுவை எழுதுபவர்களிடம் நுழைத்துவிட்டதுதான் என்று அந்தச் சங்கமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. இப்போது வானொலிக்குப் பதில் இன்ஸ்டாகிராம். சமையல் காணொளி போடுகிறவர்களுக்குக் காசு கொடுத்து நீலச் சுடரைக் கொஞ்ச வைக்கிறார்கள். நானே அப்படி ஒருத்தர் பக்கத்தைப் பார்த்துத்தான் போன கேஸ் அடுப்பை வாங்கினேன்.

சரி, பொருத்திய கதை. கொண்டுவந்த ஆட்கள் பழைய அடுப்பைப் பின்பக்கக் குழாயிலிருந்து கழற்றி, கேஸ் வாயை மூடமாட்டோம், அதற்கு பிளம்பர் வேண்டும் என்று சொல்லி, புது அடுப்பைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாங்கும்போது "எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொன்ன கடை, போனில் பிடித்தால் உங்கள் ரசீதில் அது இல்லையே என்றது. பிளம்பருக்கு 140 டாலர். அதைவிடப் பெரிய அடி மின்சாரம். கேஸ் அடுப்புக்குச் சாதாரண பிளக் போதும், இதற்கு 240 வோல்ட், 40 ஆம்ப் தனி லைன் இழுக்க வேண்டும். வீட்டு மின்சாரப் பேனல் அடித்தளத்தில் ஒரு மூலையில், சமையலறை நேர் எதிர் மூலையில், எலக்ட்ரீஷியன் 870 டாலர் வாங்கினார். பன்னிரண்டு நாள் கூடத்து அடுப்புக்கு ஒரு துணி போர்த்தி, வந்தவர்கள் எல்லாம் அதன் மேல் கோட்டைக் கழற்றி வைத்தார்கள். வாங்குகிறவர்கள் அடுப்பு விலையைப் பார்க்காதீர்கள், பேனலைப் பாருங்கள்.

இனி சமையல். வேகம் நிஜமாகவே மிரட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர், நான் டம்ளரைக் கழுவித் திரும்புவதற்குள் கொதிக்கிறது. பருப்புக்குக் குக்கர் வைத்தால் முதல் விசில் பாதி நேரத்தில் வந்துவிடும், வந்ததும் 3-க்குக் குறைக்காவிட்டால் சமையலறைச் சுவரில் சாம்பார். பால் பொங்குவது நின்றுவிட்டது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் குறைந்த சூட்டில் இந்த அடுப்பு விட்டு விட்டு எரிகிறது, அதாவது நாலு விநாடி முழு வேகம், நாலு விநாடி சும்மா, அதனால் பால் அமைதியாக நின்று நின்று சட்டென்று ஏறும். தாளிப்பது தனி வித்தை. கேஸில் எண்ணெய் காயும்வரை கடுகு டப்பாவைத் தேட நேரம் இருந்தது, இங்கே டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் எண்ணெயே ஊற்ற வேண்டும்.

தோசைதான் எல்லோரும் கேட்பது. இரும்புக் கல் அருமையாக வேலை செய்கிறது, காந்தம் ஒட்டும் எதுவும் செய்யும். சிக்கல் அளவில். பெரிய வளையமே எட்டு அங்குலம்தான், எங்கள் கல் பன்னிரண்டு. நடுவில் முறுகல், ஓரத்தில் வெள்ளை மாவு. முதல் மாதம் முழுக்க இந்தத் தோசையைத் தின்றோம். வழி என்னவென்றால், 4-இல் வைத்து ஏழெட்டு நிமிடம் கல்லைப் பொறுமையாகக் காயவிட்டு, அப்புறம் 6-க்கு ஏற்றி வார்க்க வேண்டும். அவசரப்பட்டு 9-இல் வைத்தால் கல் நெளிந்துபோகும், ஒரு கல் எனக்கு அப்படித்தான் போனது. இன்னொன்று, கல்லை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும், கண்ணாடியில் கோடு விழும். என் மாமியார் வந்த முதல் நாளே ஒரு கோடு விழுந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்துவராதவை: அலுமினிய இட்லிப் பானை, அடி உருண்ட வாணலி, பித்தளை, ஈயச் சொம்பு. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீட்டுக்கு இது அடுப்பே இல்லை. எவர்சில்வரில் கொதிக்கவிட்டு சொம்பில் மாற்றிப் பார்த்தோம், மனம் ஒப்பவில்லை. சுட்ட கத்திரிக்காய்த் துவையல், சுட்ட அப்பளம், ஃபுல்கா மூன்றும் போயே போச்சு. அப்பளத்தை மைக்ரோவேவில் வைக்கலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. ஈரக் கை பட்டால் தொடுபலகை பீப் பீப் என்று கத்தி அணைந்துவிடும். ஜனவரியில் ஒருநாள் பனியில் கரண்ட் போய் ஆறு மணி நேரம் காபி இல்லை. பழைய அடுப்பாக இருந்தால் தீக்குச்சி போட்டுப் பற்ற வைத்திருப்பேன்.

மாமியார் திருவாரூர் பக்கம். கிணறு தோண்டும் இடத்துக் கோபுரத்தையும் இரவு வெளிச்சத்தையும் காரிலிருந்து பார்த்துவிட்டு, "இதத்தானே மன்னார்குடில கொண்டுவரப் பாத்தாங்க" என்றார். அங்கே எடுக்கப் பார்த்த நிலக்கரிப் படுகை மீத்தேனும் இங்கே பாறையிலிருந்து எடுக்கும் ஷேல் கேஸும் ஒன்றல்ல, ஆனாலும் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்துக்கு ஒப்பந்தம் போட்டதும், நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதும் அவருக்கு அத்துப்படி. "இங்க யாரும் போய் உட்காரலையா?" என்று கேட்டார். உட்காரவில்லை என்று சொல்ல முடியாது. பிட்ஸ்பர்க் நகர மன்றம் 2010-லேயே நகர எல்லைக்குள் ஃப்ராக்கிங்கைத் தடை செய்தது. எங்கள் பக்கத்து செசில் டவுன்ஷிப்பில், இந்த அடுப்பு வந்து ஒரு மாதத்தில், வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே 500 அடி போதும் என்றிருந்ததை 2,500 அடியாக்கினார்கள். இத்தனைக்கும் தொழில் நிறுவனங்களின் அலுவலகங்கள் அதே டவுன்ஷிப்பின் சவுத்பாயிண்டில் வரிசையாக நிற்கின்றன. கூட்டங்களில் ஒருபக்கம் மகனுக்கு அதில்தான் வேலை என்பவர், இன்னொரு பக்கம் மகளுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது என்பவர், இருவரும் ஒரே தெரு.

இந்தச் சண்டையில் எனக்கு எரிச்சல் தருவது, யார் சொல்வதை நம்புவது என்பதையே கெடுத்து வைத்திருப்பது. 2009-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பெயரோடு ஒரு பொருளாதார அறிக்கை வந்தது, மார்செல்லஸ் கேஸால் இத்தனை வேலை, இத்தனை வருமானம் என்று. காசு கொடுத்தது கேஸ் தொழில்காரர்களின் குழு என்பது முதல் பதிப்பில் இல்லை. முன்னாள் ஆளுநர் டாம் கார்பெட் தேர்தலுக்கு அந்தத் தொழிலிலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வாங்கினார், 2012-இல் அவர் கையெழுத்திட்ட சட்டம் எடுக்கும் கேஸுக்கு வரி போடாமல் கிணற்றுக்கு ஒரு கட்டணம் மட்டும் வைத்தது. அதற்கெல்லாம் முன்பே, 2005-இல், மத்தியக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து ஃப்ராக்கிங்குக்கு விலக்குக் கொடுத்தாயிற்று, டீசல் கலந்தால் மட்டும் கேள்வி. ஹாலிபர்ட்டன் ஓட்டை என்று அதற்குப் பெயர், ஹாலிபர்ட்டன் என்பது ஃப்ராக்கிங் வேலை செய்து கொடுக்கும் நிறுவனம், அப்போது துணை அதிபராக இருந்த டிக் செனி அதற்கு முன் அதன் தலைமை அதிகாரி. மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் டிமாக் என்று ஒரு கிராமம், அங்கே கிணற்றுத் தண்ணீரில் மீத்தேன் வந்தது 2009 புத்தாண்டில் ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. அங்கே கேஸ் எடுத்த நிறுவனம் வழக்கை எதிர்க்காமல் குழாய்த் தண்ணீருக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டது 2022 கடைசியில்.

2023-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இந்தப் பகுதிக்கென்றே செய்த ஆய்வில், கேஸ் கிணற்றிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு தொலைவில் இருப்பவர்களைவிட 5 முதல் 7 மடங்கு என்று இருந்தது, ஆஸ்துமா மோசமாவதற்கும் தொடர்பு இருந்தது. லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தொடர்பு காணவில்லை, அதையும் அவர்களே எழுதினார்கள். எங்களுக்கு அருகில் இருப்பது ஒரு மைலுக்கு மேல், வரைபடத்தில் அளந்துவிட்டேன். இதைப் படித்த பிறகு அடுப்பை மாற்றியது யானைப் பசிக்குச் சோளப்பொரியாகத் தெரிந்தது.

இன்னொரு கூத்து இருக்கிறது. பென்சில்வேனியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் கேஸில் எரித்து வருவது. கேஸ் அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே மார்செல்லஸ் கேஸை வயர் வழியாக வாங்கித் தோசை சுடுகிறேன். சமையலறைக்குள் புகை இல்லை, அவ்வளவுதான். சின்னவள் இந்தக் குளிர்காலத்தில் இன்ஹேலர் எடுத்தது குறைவு, அது அடுப்பாலா வயதாலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கேஸ் பில் வேறு நிற்கவில்லை, ஹீட்டரும் வெந்நீரும் இன்னும் அதில்தான்.

பழைய அடுப்பை 80 டாலருக்கு விற்றேன். வாங்கியவர் கொஞ்சம் தள்ளி நிலம் வைத்திருப்பவர், அவர் நிலத்துக்கடியில் கேஸ் எடுக்கும் குழாய் ஓடுகிறது. மாநிலச் சட்டப்படி அந்தக் கேஸில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு அவருக்கு, ஆனால் காசோலையில் கேஸைச் சுத்தம் பண்ணிய செலவு, குழாயில் அனுப்பிய செலவு என்று கழித்துக்கொண்டு மிச்சம்தான் வருமாம். நான் வயரில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னதும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, பர்னர் நாலும் எரியுமா என்று இரண்டு முறை கேட்டு, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாங்கலாமா? வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இருந்தால், பேனலில் இடம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பாத்திரங்களில் எத்தனை தேறும் என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள், எனக்குப் பத்தில் நாலுதான் தேறியது. கேஸ் வாயை மூடுவது யார் பொறுப்பு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என் மதிப்பெண் 5-க்கு 4. அரை மதிப்பெண் அந்த பீப் சத்தத்துக்காகப் போனது, அரை அப்பளத்துக்காக.