மதிலா, முற்றமா? மலையகக் குடியிருப்புகளுக்கு எது காவல்?

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீட்டுக்குப் போனவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சுற்றுமதில் கட்டத்தான் நினைக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பறாவில் தலைமுறைகளாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம். ஆனால் கோழியும் கேஸ் சிலிண்டரும் களவு போகாமல் இருக்கவும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயமின்றி வீடு சேரவும் அந்தக் காசை வேறு விதமாகச் செலவழிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆளுயர மதில் கள்வனை ஏறும்வரைதான் தடுக்கும். உள்ளே குதித்துவிட்டால் அதே மதில் அவனை அயலவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். நம் சரிவுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நீர் வடிய வழிவிடாமல் கட்டினால் மழைக்காலத்தில் பின்னால் தண்ணீர் தேங்கி, மதிலே சரியலாம்.

முன்பக்கத்தைத் திறந்துவைத்து இடுப்பளவு வேலி போட்டால், எதிர்வீட்டுக்காரர் இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், இருந்தபடியே நம் வாசலைப் பார்க்கலாம். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஒஸ்கார் நியூமன், நியூயோர்க்கின் அடுக்குமாடிகளை ஆராய்ந்து 1972இல் வாதிட்டது இதைத்தான்: குடியிருப்பவர்கள் தமதென்று உணர்ந்து, கண்ணால் கவனிக்கக்கூடிய இடத்தில் குற்றம் குறையும். லயத்தின் முன்புறம் வரிசையாக வாசல்கள் இருந்தன. அந்தக் கவனிப்பு தானாகவே நடந்தது. அதற்காக லயத்தை மெச்சவில்லை. அதன் பின்புறமும், கக்கூசுக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் போகும் பாதையும் இருட்டாகவே கிடந்தன. பெண்பிள்ளைகள் அஞ்சியதும் அங்கேதான்.

கமராவா, விளக்கா என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: முதலில் விளக்கு. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கும் இரவில், கமராவின் அகச்சிவப்பு ஒளி பனியில் பட்டுத் திரும்பிப் படமெல்லாம் வெளுத்துவிடும். தெளிவாகப் பதிந்தாலும், பெரும்பாலும் அது நடந்து முடிந்த களவைத்தான் காட்டும். கடைக்கும் கோயில் உண்டியலுக்கும் கமரா வைக்கலாம். ஒற்றையடிப் பாதைக்கு அது உதவாது. நியூயோர்க்கில் 2016இல் பொதுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துச் செய்த சோதனையில், இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. தோட்டத்திலும் அதே அளவு குறையும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எதிரே வருபவர் முகம் தெரிவதே பெரிய தைரியம். விளக்கை உயரக் கம்பத்தில் ஒன்றாக வைப்பதைவிட, பனியில் ஒளி சிதறாதபடி தாழ்வாக, வளைவுக்கு வளைவு வைப்பது மேல்.

செலவே இல்லாத வேலையும் ஒன்றிருக்கிறது. கவாத்து வெட்டிய தேயிலை இடுப்பளவுதான். அதற்குமேல் பார்வை தடையின்றிப் போகும். மறைப்பது பாதையோரத்து மானாப்புல்லும், ஆளை மிஞ்சி வளரும் குவாத்தமாலாப் புல்லும். அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும். வேரோடு பிடுங்கக்கூடாது, சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான்.

விளக்கு கேட்டால் "தோட்டத்துப் பாதை எங்களுக்குச் சேராது" என்ற பதிலே நெடுங்காலம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு அதற்குக் காரணமாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. ஆகவே மதிலுக்குக் கல் இறக்குமுன், இருண்ட வளைவுகளைக் குறித்து, ஊரார் கையெழுத்தோடு பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.