கே-டிஎன்ஏவா, ஐடிஎஸ்1-ஆ? மணல் ஈயில் லீஷ்மேனியா தேடுபவர்களுக்கு

மணல் ஈக்களிலும் நோயாளிகளின் தோல் மாதிரிகளிலும் தோல் புண் போன்ற நோய்களை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைப் பிசிஆர் மூலம் தேடப் பெரும்பாலும் இரண்டு மரபணுக் குறிகள்தான் பேச்சில் அடிபடும். ஒன்று கே-டிஎன்ஏ (ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏ), மற்றது ஐடிஎஸ்1 (ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள ஒரு பகுதி). எங்கள் வேலைக்கு ஐடிஎஸ்1-ஐத்தான் எடுத்தோம், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

நுண்ணுணர்வில் கே-டிஎன்ஏ ஜெயிக்கும், அதில் சண்டையே இல்லை. ஒரே செல்லில் மினிசர்க்கிள் எனப்படும் சின்ன கே-டிஎன்ஏ வளையங்கள் சுமார் 10,000 இருப்பதால், ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தாலும் சிக்கிவிடும். ஐடிஎஸ்1 ரைபோசோம் மரபணுத் தொகுப்பில் இருக்கிறது. அதன் நகல்கள் பெரும்பாலும் 200-ஐத் தாண்டாது. டிஎன்ஏ சிதைந்துபோன பழைய ஸ்லைடுகளுக்கும் கே-டிஎன்ஏவின் குட்டித் துண்டுதான் கைகொடுக்கும்.

சரி, பாசிட்டிவ் வந்துவிட்டது. அப்புறம்? எந்த இனம் என்று தெரியாமல் அடுத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. லீஷ்மேனியா மேஜர் என்றால் அது வளை தோண்டும் எலிகளிடமிருந்து வருகிறது; வளைகளைக் கவனிக்க வேண்டும். டிராபிகா என்றால் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஈ கடத்துகிறது. நோயாளிகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதே தடுப்பு. டோனோவானி என்றால் உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் வரை யோசிக்க வேண்டும். போதாததற்கு, பல்லிகளிடம் வாழும் லீஷ்மேனியாக்களைச் சுமக்கும் மணல் ஈக்களும் வலையில் விழும். கே-டிஎன்ஏவில் அதுவும் பாசிட்டிவாகத் தெரிந்தால் ஓர் ஊரையே வீணாகப் பதற வைத்துவிடுவோம்.

ஐடிஎஸ்1-இல் கிடைக்கும் 300 முதல் 350 கார இணைகள் கொண்ட துண்டை ஹே-த்ரீ நொதியால் வெட்டினால் மேஜரும் டிராபிகாவும் ஜெல்லிலேயே வேறு வேறாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அதே துண்டை சீக்வென்சிங் செய்து (அதன் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்து) பொதுத் தரவுத்தளங்களோடு ஒப்பிடலாம். கே-டிஎன்ஏவிலும் நெஸ்டட் முறையில் (இரண்டு சுற்றுப் பிசிஆர்) கிடைக்கும் பேண்டின், அதாவது ஜெல்லில் கோடாகத் தெரியும் துண்டின், நீளத்தை வைத்து இனம் பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரே செல்லுக்குள்ளேயே மினிசர்க்கிள்களின் வரிசைகள் பலவிதமாக இருப்பதால், அதை நம்பி ஒரு பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐடிஎஸ்1-க்கும் எல்லை உண்டு. டோனோவானியையும் அதன் நெருங்கிய இனமான இன்ஃபான்டமையும் ஹே-த்ரீ வெட்டு பிரிக்காது. அதற்கு மைக்ரோசாட்டிலைட் (குட்டி வரிசை திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ பகுதி) போன்ற வேறு குறிகள் வேண்டும்.

ஈக்களைக் கூட்டமாக அரைத்துச் சோதிக்கும் பெரிய கணக்கெடுப்பு என்றால், முதலில் கே-டிஎன்ஏவால் சலித்து, பாசிட்டிவ் ஆனதை மட்டும் ஐடிஎஸ்1-க்கு அனுப்புவது நியாயம்தான். அதில் ஒட்டுண்ணி மிகக் குறைவான சில மாதிரிகள் ஐடிஎஸ்1-இல் பேண்டே தராமல் போகும். அவற்றை 'இனம் தெரியாதது' என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தென் அமெரிக்க இனங்களை நான் கையாண்டதில்லை. அங்கே பலரும் எச்எஸ்பி70 மரபணுவைப் பயன்படுத்துகிறார்கள், அதனால் என் தேர்வை அப்படியே அங்கே கொண்டுபோகச் சொல்லமாட்டேன்.