ஆண்டுக்கணக்கில் ஓடும் பாட்: எது நிலைக்கிறது?

உரையாடல் குழு ஒன்றுக்கு பாட் (செய்திகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுத ஒரு மாலைப்பொழுது போதும். டெலிகிராமில் புதிய பாட்களைப் பதிவுசெய்யும் பாட்ஃபாதரிடம் டோக்கன் (பாட்டின் ரகசியச் சாவி) வாங்கி, பைத்தானில் சில பத்து வரிகள் எழுதினால் அது பதில் சொல்லத் தொடங்கிவிடும். அதே பாட் யாரும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் கதை வேறு. நிரலாளர் குழுக்களில் நினைவூட்டல், கேள்வித் தொகுப்பு, பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) தோற்றால் அறிவிப்பு என்று சில சிறு பாட்களை நெடுங்காலமாக நடத்திவருகிறேன். அவற்றில் நிலைத்தவை அனைத்துக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: எந்த நொடியில் நின்றாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டெலிகிராமில் செய்திகளைப் பெற வெப்ஹுக் (டெலிகிராமே நம் முகவரிக்கு அனுப்புவது), கெட்அப்டேட்ஸ் (பாட் போய்க் கேட்டு எடுப்பது) என இரண்டு வழிகள். சிறு குழுக்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பொது முகவரியும் சான்றிதழும் தேவையில்லை. பாட் தூங்கினாலும் எடுக்கப்படாத செய்திகள் 24 மணி நேரம் வரை சர்வரில் காத்திருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஆஃப்செட் எண், அதாவது அடுத்து எந்தச் செய்தியிலிருந்து வேண்டும் என்று பாட் சொல்லும் எண். வேலையை முடிப்பதற்கு முன்பே அதை நகர்த்தினால், நடுவில் பாட் விழும்போது ஒரு செய்தி தொலைந்துபோகும். முடித்த பிறகு நகர்த்தினால், அதே செய்தி இரண்டாம் முறையும் வரக்கூடும். நான் எப்போதும் பின்னதையே தேர்கிறேன். ஒவ்வொரு அப்டேட்டின் (வந்த செய்தியின்) எண்ணையும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் அட்டவணையில் தனித்துவச் சாவியாகப் பதிந்துவிட்டால், இரண்டாம் முறை வருவதை அதுவே தள்ளிவிடும். கூடவே, செய்தியின் நேரத்தையும் பார்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்து எழுந்த பாட், பழைய கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னால் குழு தாங்காது.

டெலிகிராமில் சாதாரணக் குழு சூப்பர்குரூப் (பெரிய குழு) ஆக மாறும்போது அதன் அடையாள எண்ணும் மாறிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிய எண் மைக்ரேட் என்று தொடங்கும் பெயருள்ள புலத்தில் வந்து சேரும். அதைப் பிடித்துத் தரவுத்தளத்தைத் திருத்தாத பாட், ஒரு நாள் காரணமே புரியாமல் ஊமையாகிவிடும்.

தமிழில் பேசும் குழுக்களுக்கு இன்னொரு அடுக்கு வேலை இருக்கிறது. அதைத்தான் எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து குறியீடு (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். டிஸ்கார்டில் ஒரு பாட் அனுப்பும் செய்திக்கு 2000 குறியீடு எல்லை, டெலிகிராமில் 4096. நீண்ட பதிலை அந்த எண்ணில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், 'மி'யின் மகரம் ஒரு செய்தியிலும் அதன் கொக்கி அடுத்த செய்தியின் தலையில் புள்ளிவட்டத்தோடும் போய் நிற்கும். பழைய உரையாடல் முறையான ஐஆர்சியில் ஒரு வரிக்கு மொத்தமே 512 பைட் என்பதால் தமிழுக்கு இன்னும் நெருக்கடி. வரி முடிவிலோ சொல் இடைவெளியிலோ வெட்டுவது பாதுகாப்பு.

தேடலிலும் இதே சிக்கல். உரையில் வடிவங்களைத் தேடும் பைத்தானின் ரீ நூலகத்தில் சொல்லைப் பிடிக்க வழக்கமாக எழுதும் 'பின்சாய்வு டபிள்யூ' (\w) நம் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் கொள்ளாது. 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டாகக் கொத்திப் போட்டுவிடும். தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் நூலகம் இதைச் சரியாகக் கையாள்கிறது. மேலும், 'கொ' என்பதன் ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும் சில இரண்டாகவும் அனுப்பும். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாக இணைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

வேக எல்லைகளை மதிப்பது எளிது. அளவுக்கு மீறி அனுப்பியதைச் சொல்லும் 429 பிழை வந்தால், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதும் அதனுடனேயே வருகிறது. அவ்வளவு நேரம் பொறுத்தால் போதும். டெலிகிராமில் ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு 20 செய்திக்கு மேல் பாட் அனுப்பக் கூடாது. அதனால் பில்ட் தோல்விகளைத் தனித்தனியாக அனுப்பாமல், ஒரே செய்தியைத் திருத்திக்கொண்டே போகிறேன். குழுவுக்கும் இரைச்சல் குறைகிறது.

ஓட்டும் பொறுப்பை, லினக்ஸில் நிரல்களை இயக்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்துவிடலாம். ஆனால் ரீஸ்டார்ட் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், இணையம் இல்லாத நேரத்தில் 10 நொடிக்குள் ஐந்து முறை விழுந்ததும் அது முயற்சியைக் கைவிட்டுவிடும். மறுதொடக்க இடைவெளியை 30 நொடி என்று வைத்தால் இணையம் திரும்பும் வரை விடாமல் முயலும். டோக்கனை நிரலுக்குள் எழுதாமல், தனிக் கோப்பில் வைத்து அதைக் கிட்டுக்கு (நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) வெளியே வைக்க வேண்டும். குழுவின் எல்லாச் செய்திகளும் பாட்டுக்குப் போகாமல் தடுக்கும் டெலிகிராமின் தனியுரிமை முறை இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கும். கட்டளைகளுக்கு மட்டும் பதில் சொல்லும் பாட்டுக்கு அதை அணைக்க எந்தத் தேவையும் இல்லை. மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை பாட் படிக்காமல் இருப்பதே முறை.

ஆயிரக்கணக்கான குழுக்களில் இயங்கும் பாட்டுக்கு இந்த அமைப்பு போதாது. அங்கே வெப்ஹுக்கும் தனி வேலை வரிசையும் கட்டாயம். ஒன்றிரண்டு குழுக்கள், ஒரு சிறிய சர்வர், ஒரே எஸ்க்யூலைட் கோப்பு என்ற அளவில், இதைவிடக் குறைந்த பராமரிப்பில் ஓடும் அமைப்பை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை.